அந்நிய மண்ணில் ஆடை பேசும் மொழி

ஆள் பாதி, ஆடை பாதி என்பது எம்மவர் வழக்கு. அறிந்தவர்கள் சூழ வாழும் சொந்த ஊரில் அது பொருந்தும். முன்பின் அறியாத நாடொன்றில் சென்று இறங்குபவருக்கோ முழுவதையும் ஆடையே பேசிவிடுகின்றது. அவர் வாய் திறப்பதற்கு முன்னரே, இவர் யார், எங்கிருந்து வந்தவர், நம்பத்தக்கவரா என்ற கேள்விகளுக்கெல்லாம் பார்ப்பவர்கள் தாமாகவே விடை எழுதிக்கொள்கின்றனர். சென்ற இடத்தில் தனித்துத் தெரியாதவாறு உடுத்திக்கொள்ளுங்கள் என்று பயண முகவர்களும் உறவினர்களும் கூறுவது இதனாலேயே. இந்த ஆலோசனையின் பின்னால் சட்டமும் உண்டு, அச்சமும் உண்டு, வெறும் மரியாதையும் உண்டு. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதாலேயே எம்மவர் பலர் மாறத் தேவையில்லாத இடத்தில் மாறி, மாறவேண்டிய இடத்தில் மாறாது இடர்ப்படுகின்றனர்.

அச்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2016 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இடம்பெற்ற சம்பவமே போதுமானது. ஐக்கிய அரபு இராச்சியத்திலிருந்து மருத்துவ சிகிச்சைக்காகச் சென்றிருந்த ஒருவர், தமது நாட்டின் வெண்ணிற நீளங்கியும் தலைத்துணியும் அணிந்தவாறு ஏவன் என்ற சிறு நகரின் ஹோட்டல் ஒன்றில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் தீவிரவாத இயக்கமொன்றுடன் தொடர்புடையவர் என்று எவரோ அஞ்சியதன் விளைவாகப் பொலிஸாருக்கு அழைப்புச் சென்றது. துப்பாக்கிகளை நீட்டியவாறு வந்த பொலிஸார் அவரைத் தரையில் கிடத்தி விலங்கிட்டனர். குற்றம் எதுவும் இருக்கவில்லை. நகர முதல்வரும் பொலிஸ் அதிகாரியும் பின்னர் மன்னிப்புக் கோரினர். ஆயினும், வெளிநாடுகளில் பொது இடங்களில் தேசிய உடையைத் தவிர்த்துக்கொள்ளுமாறு அந்நாட்டு வெளிவிவகார அமைச்சு தனது பிரஜைகளுக்கு அறிவுறுத்தியது.

செல்வமும் செல்வாக்கும் கொண்ட அரசொன்றே இவ்வாறு கூற நேர்ந்ததை நாம் கோழைத்தனம் என்று கொள்ளவில்லை. ஆனால் தவறு உடையில் இருக்கவில்லை, பார்த்த கண்களிலேயே இருந்தது. 2001 செப்டெம்பர் 15 ஆம் திகதி அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில், தலைப்பாகை அணிந்திருந்த சீக்கியர் ஒருவர் தமது எரிபொருள் நிலையத்தின் முன்பாகவே சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர் அவரை அரபு நாட்டவர் என்று எண்ணியிருந்தார். தலைப்பாகையைக் கழற்றியிருக்கலாமே என்று அந்தக் குடும்பத்திடம் எவரும் சொல்லிவிட முடியுமா?

இதனை விளங்கிக்கொள்ள எமது வாசகர்கள் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. 1983 ஜூலையில் தமிழ்ப் பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டே வீதியில் இறங்கினர். 2019 ஏப்ரல் 29 ஆம் திகதி இங்கு தடைசெய்யப்பட்டது முகத்தை மறைக்கும் ஆடை மாத்திரமே. அவ்வாறிருந்தும் முகத்தை மறைக்காது அபாயாவும் தலைத்துணியும் மட்டும் அணிந்த முஸ்லிம் பெண்கள் பல இடங்களில் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். சட்டத்தில் இல்லாததைச் சந்தேகம் தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஆகவே பயணத்துக்கு முன்னர், செல்லும் நாட்டின் சட்டம் எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்துகொள்வது அவசியமாகின்றது. பொது இடங்களில் முகத்தை மறைப்பதற்கான தடை பிரான்ஸில் 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெல்ஜியம், ஒஸ்ரியா, டென்மார்க் ஆகியனவும் அவ்வழியே சென்றன. எம்மவர் பெருமளவில் வாழும் சுவிட்சர்லாந்தில் 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இது சட்டமாகியுள்ளது. அங்கு அபராதம் 1,000 பிராங்க் வரை செல்லலாம். உறவினரைப் பார்க்கச் செல்பவருக்கும் இச்சட்டங்கள் பொருந்தும். ஆனால் வீதியில் செல்லும் பெண் தலையை மட்டும் மறைப்பதை இவை தடுக்கவில்லை. முகத்திரைத் தடை என்று கேள்வியுற்றுத் தலைத்துணியையும் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் செல்லும் தாய்மார் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

எவரும் எதிர்பாராத சட்டங்களும் உள்ளன. பார்படோஸ், ஜமேக்கா போன்ற கரீபியன் நாடுகளில் படையினரின் உருமறைப்புத் துணியில் தைத்த ஆடையைப் பொதுமக்கள் அணிவது குற்றமாகும். சிறுவர்களின் காற்சட்டைக்கும் விலக்கில்லை. கிரிக்கெட் பார்க்கச் செல்லும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது. மறுபுறத்தில் சில கட்டாயங்கள் தளர்ந்துமுள்ளன. சுற்றுலா வீசாவை 2019 இல் அறிமுகப்படுத்திய சவூதி அரேபியா, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை, அடக்கமான உடை போதும் என்று அறிவித்தது.

சட்டத்துக்கு அப்பாலுள்ளவை மரியாதை சார்ந்தவை. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி ஆலயத்துக்குச் செல்லும் ஆண்கள் வேட்டி அணிந்து மேலாடையைக் களையவேண்டும். நல்லூருக்குச் சென்று பழகியவருக்கு இது புதிதல்ல. கலந்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் உள்ளூரவரின் தேசிய உடையையே வாங்கி அணிந்துகொள்வதும் பிழைத்துவிடும். வளைகுடாவில் அந்த நீளங்கி, அணிபவர் அந்நாட்டுப் பிரஜை என்பதற்கான அடையாளம். அங்கு பணிபுரியும் எம்மவருக்குச் சாதாரண நீளக் காற்சட்டையும் சேர்ட்டுமே கண்ணை உறுத்தாத உடை.

லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ செல்பவர்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சேலையல்ல, குளிருக்கு ஒவ்வாத சப்பாத்தும் கழுத்திலுள்ள தங்கமுமே. பருத்தி ஈரத்தை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலங்கி என்று அடுக்காக அணிந்தால் உள்ளே சேலையோ சல்வாரோ இருக்கலாம். தங்கத்தைப் பொறுத்தவரை விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆசிய நாட்டவரின் நகைகளைக் குறிவைக்கும் கொள்ளையர் பற்றி பிரித்தானியப் பொலிஸார் பல தடவைகள் எச்சரித்துள்ளனர். திருமண வீட்டுக்குச் செல்பவர்கள் நகையை அங்கு சென்றபின் அணிந்துகொள்வதே உசிதம்.

எல்லோரும் ஒரே உடையில் கலந்துவிடும் இடமும் ஒன்றுண்டு. இஹ்ராமின் தைக்கப்படாத இரு வெண்துணிகளில் அமைச்சரும் கூலித் தொழிலாளியும் ஒன்றே. அங்கு வயோதிபர்களுக்கு நேரும் இடர் வேறு விதமானது. இலட்சக்கணக்கானோர் ஒரே தோற்றத்தில் இருக்கையில் வழி தவறிய ஒருவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ பெற்றோரை அனுப்பிவைப்பவர்கள், குழுவின் பெயரும் தங்குமிடமும் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டையொன்றை அவர்களின் இடுப்புப் பைக்குள் வைக்க மறக்கவேண்டாம். அறபியிலும் எழுதியிருந்தால் நன்று.