காரணம் தெரியாமல் ஏறி இறங்கும் சுகர்

தென்பெண்ணைப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் விளையும் பகுதி முகையூர். பெரியசெவலை, முண்டியம்பாக்கம் ஆலைகளுக்குக் கரும்பு போகும் நாட்களில் இங்கே விடியும் முன்பே வெட்டு தொடங்கிவிடும். வெட்டுக்குப் போகிற சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காலையில் 240, மாலையில் 62, மறுநாள் 310 என்று அளவு தாறுமாறாகக் காட்டினால், வீட்டில் எழும் முதல் கேள்வி: "திருட்டுத்தனமா என்ன தின்னே?"

பல நேரங்களில் அது நியாயமற்ற கேள்வி. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதப் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 சதவீதம். இத்தனை பேரையும் வாய்க்கட்டு இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

கையைக் கழுவினார்களா?

கரும்பைத் தொட்ட கை, மாம்பழம் உரித்த கை. அந்த விரலில் குத்திப் பார்த்தால் தோலில் ஒட்டிய சர்க்கரையும் இரத்தத்தோடு ஸ்ட்ரிப்பில் ஏறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு பார்ப்பதே சரி. உண்மை அளவு 200 என்றால் குளுக்கோமீட்டர் 170 முதல் 230 வரை காட்டுவது தரவிதிக்கு உட்பட்டதுதான். சிறு வித்தியாசத்துக்கெல்லாம் மருந்தை மாற்றக் கூடாது.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இன்சுலின் போடுபவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது வெறும் 8 யூனிட். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தாலோ 50 யூனிட் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. கடையில் அவசரத்துக்குக் கொடுத்த ஒரு சிரிஞ்சு போதும், ஒரு வாரக் கணக்கையே குலைத்துவிடும்.

ஊசி போடும் இடமும் முக்கியம். வலிக்காத இடம் என்று தொப்புளுக்கு அருகில் ஒரே பக்கம் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரளும். அதில் போடும் மருந்து ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் வேகமாகவும் உறிஞ்சப்படும். கையால் தடவினாலே கட்டி தெரியும்.

சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த குப்பியும் வீரியம் இழக்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணலிட்ட மண்பானைக்குள் சிறு பானையில் வைக்கலாம். பிரீசரில் மட்டும் வைக்கவே கூடாது.

உழைப்பும் வலி ஊசியும்

கடும் உழைப்பின் விளைவு வேலை முடிந்ததும் முடிந்துவிடாது. தசைகள் 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பகலில் வெட்டியவருக்கு நடுராத்திரியில் வியர்த்து, கை நடுங்குவது இதனால்தான். விடிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை பார்த்தால், காலை அளவு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்கலாம்.

மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாட்கள் சுகர் எகிறும். சொத்தைப் பல்லின் சீழ், சிறுநீர்த் தொற்று, காசநோய் ஆகியவையும் அப்படியே. என்ன ஊசி போட்டோம், என்ன பொடி சாப்பிட்டோம் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோட்டுப் புத்தகமும் வீடு தேடி வருபவரும்

மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. 60-ம் 250-ம் சேர்ந்தும் நல்ல சராசரி வந்துவிடும். இரத்தசோகை இருந்தால் அந்தப் பரிசோதனையே பிசகும். அதனால் நேரம், அளவு, சாப்பாடு, வேலை, மருந்து ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதிவைப்பது பெரிய உதவி. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கு வருபவரிடம் அந்த நோட்டைக் காட்டலாம். சிரிஞ்சையும் ஊசி போடும் இடத்தையும் பார்க்கச் சொல்லலாம். அப்படியும் பிடிபடாவிட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டும் கூடவே போகட்டும்.

70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். 300-க்கு மேல் நின்று வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.