சுகர் மாத்திரை செலவு கணக்குல இருக்கு, கண்ணு டெஸ்ட், யூரின் டெஸ்ட் இருக்கா?

ஹெல்த் இன்சூரன்ஸ் வீடியோ போட்டதிலிருந்து கமெண்ட்ல அதிகமா வர்ற கேள்வி இது: "சுகர் இருக்கு, ஆனா கன்ட்ரோல்ல இருக்கு. பாலிசி எடுக்கும்போது சொல்லணுமா?"

பாலக்கோடு பக்கம் தக்காளி வியாபாரம் பண்ற என் கிளையன்ட் ஒருத்தருக்கு 14 வருஷமா சுகர். லாரி வாடகை, கூலி எல்லாத்துக்கும் பில் வச்சிருப்பார். "உடம்பு எப்படிண்ணா இருக்கு?"ன்னு கேட்டா, "மாத்திரை போடறேன் ஆடிட்டர் சார், நல்லாத்தான் இருக்கேன்" என்பார். போன வருஷம் ஒரு நாள் காலையில இடது கண்ணுல கறுப்பு நூல் மிதக்குற மாதிரி தெரிஞ்சிருக்கு. விழித்திரையில ரத்தக்கசிவு. அப்புறம் பார்த்தா யூரின்லயும் புரதம்.

அவர் பொய் சொல்லல. கண்ணு, கிட்னி, கால் நரம்பு மூணுக்கும் ரத்தம் கொண்டு போறது முடியை விட மெல்லிய குழாய்கள். சுகர் வருஷக்கணக்குல ஏறியே இருந்தா, அதோட சுவர் கெட்டு கசியும், இல்ல அடைச்சுக்கும். வலியே இருக்காது. ரத்தம் கசியும் வரைக்கும், இல்லைன்னா விழித்திரையின் மையம் வீங்கும் வரைக்கும் பார்வை தெளிவாத்தான் இருக்கும். கிரியாட்டினின் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதி ஆயிடக்கூடாது, அது லேட்டாத்தான் ஏறும். முதல்ல காட்டிக்கொடுக்கிறது யூரின்ல அல்புமின். அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 30-க்கு மேல இருந்தா டாக்டர் மறுபடியும் எடுக்கச் சொல்வார். காலுக்கு வந்தா, செருப்பு கழண்டது கூட தெரியாது.

1998-ல வெளிவந்த பிரிட்டன் ஆய்வு (யூகேபிடிஎஸ்) இதைக் காட்டியது. புதுசா சுகர் வந்தவங்களுக்கு கண்டிப்பான கட்டுப்பாட்டால ஹெச்பிஏ1சி 7.9-க்கு பதில் 7.0-ல நின்னுச்சு. சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு 25% குறைஞ்சுது.

இப்ப செலவுக்கு வரேன். கிட்னி போனா டயாலிசிஸ். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அது வந்துடும். ஆனா வாரம் 3 முறைன்னா வருஷத்துக்கு 156 நாள். மண்டிக்கு யார் போறது?

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துல 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது, நல்ல விஷயம். ஆனா சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க நீங்கதான் போகணும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில கண் பிரிவு இருக்கு. விழித்திரை, யூரின் அல்புமின், பாத உணர்ச்சி மூணும் வருஷத்துக்கு ஒரு தடவை. வெளியில பணம் கட்டி எடுத்தா, பழைய வரி முறையில இருக்கிறவங்க 80டி-ல 5,000 ரூபாய் வரை காட்டலாம். ரொக்கமா கட்டினாலும் செல்லும், ரசீதை மட்டும் வாங்கிக்கோங்க.

கேள்விக்கு பதில்: சொல்லணும். நம்ம வியாபாரி சொல்லல, "சொன்னா பிரீமியம் ஏறும்"னு ஏஜென்ட் தடுத்திருக்கார். பாலிசிக்கு நாலு வயசு முடிஞ்சிருந்தது, க்ளெய்ம் நிராகரிச்சுட்டாங்க. 60 மாசம் தொடர்ந்து கட்டியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாத்தான் மறுக்க முடியும். அவர் அதைத் தொடல. இப்போதைய விதிப்படி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்ச காத்திருப்பு 36 மாசம்தான். அன்னைக்கே சொல்லி எடுத்திருந்தா அது முடிஞ்சு, கண்ணுக்கு லேசர் செலவை அவங்க கிட்டயே கேட்டிருக்கலாம்.