புதன்கிழமையோடு நின்ற வாரம்

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக்குப் போகிற பஸ் வைகைப் பாலத்தைக் கடக்க எத்தனை நேரம் பிடிக்கிறது? வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடிப்பதற்குள் ஆறு பின்னால் போய்விடுகிறது. பாலம் இல்லாத காலம் ஒன்று இருந்தது, வாசகர்களே! அன்று ஆற்றில் இறங்கித்தான் அக்கரை சேர வேண்டும். இந்த வைகையில் அப்படி இறங்கிய ஓர் இளைஞர் கரையேறவில்லை. அவர் பெயர் டேவிட் காயிட் ஸ்கடர். வயது 27. சொந்த ஊர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம். உத்தியோகம், பெரியகுளத்தில் அமெரிக்கன் மிஷன் பாதிரியார். நாள், 1862-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி, புதன்கிழமை.

ஸ்கடர் என்றதும் உங்களில் பலருக்கு வேலூர் ஆஸ்பத்திரியும் டாக்டர் ஐடா ஸ்கடரும் நினைவுக்கு வரலாம். அந்த ஸ்கடர்களின் குடும்பம் வேறு. இவர் பாஸ்டன் ஸ்கடர். தென் தமிழ்நாட்டில் ஒன்றரை வருஷத்துக்கும் குறைவாகவே வாழ்ந்தவர். ஆகவே இவரைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் பேச்சே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1834-ல் மதுரைக்கு வந்து தங்கள் மிஷனைத் தொடங்கினார்கள். வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டமும், ஆண்டோவர் மடத்தில் வேத சாஸ்திரமும் படித்த டேவிட், அந்த மிஷனுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஹாரியட் லூயிசா டட்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, 1861 மார்ச் மாதம் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் வெட்டி முடியாத காலம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பாய்க்கப்பலில் வர வேண்டும். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோதே, ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. ஒரே நாடாக விட்டுவந்த தாய்நாடு, இவர்கள் கரை இறங்குமுன் இரண்டாகிப் போரிட்டுக்கொண்டிருந்தது!

அந்த வருஷம் டிசம்பர் 15-ந் தேதி மதுரையில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வைடா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் கைக்குழந்தையோடு பெரியகுளத்தில் குடியேறினார்கள். அன்று தேனி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் மதுரை ஜில்லாதான். மேற்கே கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்குப் போகிற பாதிரிமார்களுக்குப் பெரியகுளமே தாவளம்.

அந்தக் காலத்து அமெரிக்கன் மிஷன் பாதிரியாருக்கு ஒரு வாரம் எப்படிக் கழிந்தது? மிஷன் வழக்கத்தைக் கொண்டு கொஞ்சம் பார்ப்போமா?

ஞாயிறு

வாரம் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். பிரசங்கம் தமிழில்தான் செய்ய வேண்டும். புதிதாக வந்தவருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. வாரமெல்லாம் எழுதித் திருத்தி மனப்பாடம் செய்ததை ஏறி நின்று சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் உழவும் கூலி வேலையும் செய்கிறவர்கள். மரியாதைக்காகச் சிரிக்க மாட்டார்கள். ஆனால் புரிந்ததா இல்லையா என்பது முகத்தில் தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரு நல்ல துணை இருந்தது. அதுதான் பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலிய தமிழ்ப் புலவர்களின் கீர்த்தனைகளைத் தொகுத்து, இதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியார் 1853-ல் அச்சிட்டிருந்தார். அமெரிக்க மெட்டில் தமிழ் வார்த்தைகளை வளைத்து ஒடித்துப் பாடிக்கொண்டிருந்த சபைகளில், ராகமும் தாளமும் வந்து உட்கார்ந்தன. பிரசங்கத்தில் பாதிரியார் தடுமாறினாலும் பாட்டில் சபை தடுமாறாது.

வாரத்தின் நடு நாட்கள்

திங்கட்கிழமை பிறந்தால் முன்ஷி வந்துவிடுவார். பாதிரியாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் அவர். 'ழ' வராத நாக்கு, 'ல'வும் 'ள'வும் ஒன்றாகக் கேட்கிற காது, ஏட்டில் ஒரு தமிழும் சந்தையில் வேறொரு தமிழுமாக இருக்கிற விசித்திரம் — இத்தனையோடும் மல்லுக்கு நின்றாக வேண்டும். ஸ்கடர் பெரியகுளத்துக்கு வந்த அதே 1862-ல்தான் வின்சுலோ பாதிரியாரின் தமிழ்-ஆங்கில அகராதி சென்னையில் வெளியாயிற்று. அதில் 67,000-க்கு மேல் வார்த்தைகள். புதிதாக வந்த ஒருவருக்கு அந்தப் புத்தகம் ஆறுதல் தந்திருக்குமா, திகில் தந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்!

பாடம் முடிந்தால் பள்ளிக்கூடம். பிறகு கிராமங்கள். குதிரை மேலோ மாட்டு வண்டியிலோ பிரயாணம். தூரத்து ஊர் என்றால் கூடாரமும் கூட வரும். மரத்தடியில் கூடாரம் அடித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருக்குள் போய்ப் பேசி, வெயில் ஏறுமுன் திரும்புவார்கள். மாலையில் மறுபடி கிளம்புவார்கள். சந்தை கூடுகிற ஊரானால் கூட்டத்துக்குக் குறைவில்லை. துரையைப் பார்க்க ஒரு கூட்டம், துரை பேசுகிற தமிழைக் கேட்க ஒரு கூட்டம், எதிர்க்கேள்வி போட்டு மடக்க ஒரு கூட்டம். வந்தது மதம் பரப்ப. அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைத்ததில்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்த வாரத்தில் உண்மையான பாரத்தைச் சுமந்தவர்கள் யார் தெரியுமா? உபதேசியார்கள். கிராமத்தில் குடியிருந்து, வேதம் படித்துக்காட்டி, நோய் நொடிக்கு ஓடி, வழக்கு வியாஜ்ஜியத்துக்குச் சமாதானம் சொல்லி, பல இடங்களில் பள்ளிக்கூடமும் நடத்திய தமிழர்கள். அவர்கள் குறித்த நாளில் மிஷன் வீட்டில் கூடுவார்கள். கிராமத்து நடப்பைச் சொல்வார்கள். பாடம் கேட்பார்கள், கொடுப்பார்கள் என்றும் சொல்லலாம். எந்த ஊரில் எந்தத் தெரு வழியாகப் போகலாம், யாரிடம் எந்த வார்த்தை பேசக் கூடாது என்பதெல்லாம் பாஸ்டனில் சொல்லிக்கொடுக்காத பாடங்கள் அல்லவா?

எல்லாம் சுமுகமாக நடந்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. சபைக்குள் சாதி வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 1847-ல் இந்த மிஷன் கண்டிப்புக் காட்டியபோது, அதை ஏற்காமல் விலகிப் போனவர்கள் பலர். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது பிரசங்கத்தைவிடக் கடினமான காரியமாக இருந்தது.

இரவில் விளக்கடியில் கடிதம். பாஸ்டனுக்குக் கடிதம் போய்ச் சேர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு. எழுதியபோது இருந்த கவலை, பதில் வரும்போது மறந்தே போயிருக்கும். வீட்டில் ஹாரியட் அம்மாள். பிறந்து பதினொரு மாதமே ஆன குழந்தை. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, 1845-லேயே இந்த மிஷன்காரர்கள் கொடைக்கானல் மலைமேல் வீடு கட்டியிருந்தார்கள். பெரியகுளத்துக்கு அருகிலிருந்தே மலைக்கு ஒற்றையடிப் பாதை ஏறியது. ஆபத்து வந்தால் மேலே ஓடலாம். அவர்கள் பயந்தது கொள்ளை நோய்க்கு. வந்ததோ தண்ணீர்.

புதன்

கார்த்திகை பிறந்திருந்த நேரம். வைகையின் குணம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு அது. உள்ளூரில் வானம் வெளுத்திருந்தாலும், வருசநாட்டு மலையில் மழை கொட்டினால் திடீரென்று செந்நீராக வந்து இறங்கும். அன்று பேபி அணையும் இல்லை, பெரியாறு அணையும் இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்குத் திரும்பியது 1895-ல். ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை வந்தது 1959-ல். நவம்பர் 19-ந் தேதி ஸ்கடர் ஆற்றைக் கடக்க முயன்றார். வெள்ளம் அவரைக் கொண்டு போயிற்று. வியாழன், வெள்ளி, சனி என்று அந்த வாரத்தில் பாக்கி இருந்த நாட்கள் ஹாரியட் அம்மாளுக்கு எப்படிக் கழிந்தன என்பதை எழுத எந்தப் பேனாவுக்கும் உரிமை இல்லை.

தாயும் மகளும் பாஸ்டனுக்குத் திரும்பினார்கள். டேவிட்டின் தம்பி ஹோரஸ், அண்ணன் எழுதிய கடிதங்களையெல்லாம் சேர்த்து, வாழ்க்கை வரலாற்றோடு 1864-ல் புத்தகமாக வெளியிட்டார். இவர்தான் பிற்காலத்தில் 'அட்லாண்டிக் மந்த்லி' என்ற பேர்பெற்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த ஹோரஸ் ஸ்கடர்.

குழந்தை வைடா என்ன ஆனாள்? வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் நாற்பது வருஷம் இலக்கியப் பேராசிரியை ஆனார். படித்த பெண்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து தொண்டு செய்ய வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பாஸ்டனில் டெனிசன் இல்லம் என்ற தொண்டகம் அதன் பயனாக எழுந்தது. 1912-ல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்று பேசினார். அதனால் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும் பேசினார். 1954-ல் காலமானார். தகப்பனார் புத்தியில் மகள் வந்தாள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தகப்பனார் முகமே நினைவில் இல்லாத மகள் அவர். கடிதங்களில்தான் அப்பாவைப் பார்த்தார்.

ஸ்கடர் என்ன சாதித்தார் என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், அவர் கற்றுக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது. கொடுத்ததைவிடப் பெரியகுளத்தில் வாங்கிக்கொண்டது அதிகம். அன்னிய நாட்டுக்குப் போகிற எந்த இளைஞனுக்கும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான். இன்று பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கிற பெற்றோர்களுக்கு இது தெரியும். யாரோ ஒருவர் பொறுமையாகப் பாஷை சொல்லிக்கொடுக்கிறார். யாரோ வழி காட்டுகிறார். அவர்கள் இல்லாமல் ஒரு நாளும் நகராது.

அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 23-ந் தேதி, பாதிரியார் இல்லை. ஆனால் உபதேசியார்கள் கிராமத்துக்குக் கிராமம் இருந்தார்கள். அவர்கள் காத்த சபைகள் பிற்பாடு, 1947-ல், தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. ஸ்கடருக்குக் கடிதங்களைக் கட்டிவைக்க ஒரு தம்பி இருந்தார். முன்ஷிக்கும் உபதேசியாருக்கும் யார் இருந்தார்கள்? பெரியகுளம், போடி, கம்பம் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், வேதப் புத்தகத்து முதல் பக்கத்தில், அப்படி ஒரு தாத்தாவின் பெயர் இருந்தால், பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இன்றே எழுதி வையுங்கள்.