ஒரு சீட்டுல போச்சு

"ஏழு லட்சம் கடன்ணே. வீட்டை அடமானம் வெச்சு அடைச்சுடலாம்னு இருக்கோம்." எதிரில் உட்கார்ந்தவரின் மகன் கைபேசியில் ரம்மி ஆடியவன். அடைக்காதீங்க என்று எடுத்த எடுப்பில் சொன்னால் கல்நெஞ்சுக்காரன் ஆகிவிடுவேன். டீ வந்ததும் புறாவிலிருந்து ஆரம்பித்தேன்.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாமல் பழகியதோ லேசில் விடாது. தோற்றுக்கொண்டே இருந்தால் எவனும் எழுந்து போய்விடுவான். எப்போதோ ஜெயிக்கிறானே, அதுதான் வினை. ஜெயிக்காத கையும் சும்மா விடுவதில்லை. ‘ஒரு சீட்டுல போச்சு’ என்கிறான் பாருங்கள், அது அவனுக்குத் தோல்வியாகவே படுவதில்லை.

"புத்தி வேணாமாண்ணே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பார்க்கின்சன் மாத்திரைகளைப் பற்றிப் படிக்கும்வரை. மூளையில் டோபமின் செய்யும் வேலையைச் செய்கிற சில மாத்திரைகள் உண்டு. அவற்றைச் சாப்பிட்ட சிலருக்கு, அதுவரை சூதாட்டப் பக்கமே போகாதவர்களுக்குக்கூட, சூதாட்ட வெறி பிடித்திருக்கிறது. மாத்திரையைக் குறைத்ததும் பலருக்கு அடங்கியும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் சூதாட்ட வெறியைக் குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டது.

ரம்மியில் இன்னொரு சிக்கல். அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-இல் சொன்னது. சட்டத்துக்கு அது ஒரு வகைப்பாடு. ஆடுகிறவனுக்கோ, அடுத்த கையைக் கவனமாக ஆடினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, இரண்டுக்குமே தடை என்றது. சட்டம் அவன் வாங்கிய கடனுக்கு எதுவும் செய்யாது.

"அளவோட ஆடச் சொன்னா?"

இன்னும் மாட்டிக்கொள்ளாதவனுக்கு அது சரி. சினிமா டிக்கெட் மாதிரி, போனால் போகட்டும் என்ற காசை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருவது, கடன் வாங்கி ஆடாதிருப்பது. உங்கள் பையன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். குடிநோயாளிக்கு அரை கிளாஸ் ஊற்றிக் கொடுப்போமா?

இப்போது கடனுக்கு வருகிறேன். சூதாடிகளே ஒருவரையொருவர் தூக்கிவிட 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். கடன்பட்டவனே கணக்கெழுதி, சிறு தவணையாக, எத்தனை வருடம் ஆனாலும் தானே கட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீங்கள் மொத்தமாக அடைத்தால் அவன் மூளைக்கு அது எதிர்பாராமல் விழுந்த தானியம். ஆக, இன்னொரு ஜெயிப்பு.

சம்பளம் அவன் மனைவி கையில் போகட்டும். அவன் போனில் பணம் அனுப்பும் வசதியும் கடன் செயலிகளும் வேண்டாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416-க்கு அடித்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையில் தமிழிலேயே பேசுவார்கள். நடுவில் ஒருமுறை சறுக்கினாலும் வைத்தியத்தை விடாதீர்கள்.

"வட்டிக்காரன் வாசலுக்கு வந்தா?"

"பையனே பேசட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க. ஆமா, ஏழு லட்சம்னு யார் சொன்னது?"

"அவன்தான்."

"எழுதிக் காட்டச் சொல்லுங்க. கூட்டிப் பார்த்தா ஏழுல நிக்காது."