சாவி மட்டும் ரகசியம்

1586-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து அரசி மேரி, இங்கிலாந்தின் சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தார். அவருக்கு வரும் கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் ஒளிந்து வந்தன; அவர் எழுதும் பதில்களும் அதே வழியில் வெளியே போயின. யார் கையில் சிக்கினாலும் படிக்க முடியாதபடி, எழுத்துக்கு ஒரு குறி, அடிக்கடி வரும் சொல்லுக்குத் தனிக் குறி என்று சங்கேதத்தில் எழுதியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் இங்கிலாந்து அரசி எலிசபெத்தைக் கொல்லும் திட்டத்தை ஆன்டனி பேபிங்டன் என்ற இளைஞர் மேரிக்கு விலாவாரியாக எழுதினார். மேரியும் பதில் போட்டார்.

பீப்பாய் கொண்டுவந்த ஆளே அரசாங்கத்திடம் காசு வாங்கியவர். வழியிலேயே கடிதங்கள் பிரிக்கப்பட்டன. உளவுத்துறையை நடத்திய வால்சிங்கமிடம் வேலை பார்த்த தாமஸ் ஃபெலிப்ஸ் குறிகளை உடைத்துப் படித்தார். மேரியின் பதிலுக்குக் கீழே, அதே சங்கேதத்தில், சதியில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுச் சில வரிகளைத் தானே சேர்த்தும் அனுப்பினார். 1587 பிப்ரவரி 8 அன்று மேரியின் தலை துண்டிக்கப்பட்டது.

ஃபெலிப்ஸால் எப்படிப் படிக்க முடிந்தது? அதற்கான வழி அப்போதே எழுநூறு ஆண்டுப் பழையது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி அதை எழுதி வைத்திருந்தார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அதிகம் வரும், சில அபூர்வமாக வரும். எழுத்தின் முகத்தை மாற்றினாலும் அது வரும் கணக்கு மாறுவதில்லை. கடிதத்தில் எந்தக் குறி அதிகம் என்று எண்ணிப் பார்த்தால் எழுத்து தானாக வெளிப்பட்டுவிடும். ரோமின் சீசர் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதியது முதல் மேரியின் குறிகள் வரை, எழுத்துக்கு மாற்றெழுத்து என்ற வகை எல்லாமே இங்கேதான் சறுக்கின.

செய்தியைப் பிறருக்குப் புரியாத வடிவத்துக்கு மாற்றுவதும், உரியவர் மட்டும் அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதும்தான் என்கிரிப்ஷன், தமிழில் மறையாக்கம். மாற்றும் முறை ஒன்று உண்டு. அந்த முறைக்குள் போடும் சாவி ஒன்று உண்டு. கணினியில் இந்தச் சாவி ஒரு பெரிய எண். முறை எதிரிக்குத் தெரிந்துபோனாலும் சாவி தெரியாதவரை செய்தி பத்திரமாக இருக்க வேண்டும் என்று 1883-இல் ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் எழுதினார். இன்றும் இத்துறையின் அடிப்படை அதுதான். வங்கிகளும் அரசுகளும் நம்பியிருக்கும் ஏ.இ.எஸ். முறையின் ஒவ்வொரு படியும் 2001 முதல் பொதுவில் அச்சாகிக் கிடக்கிறது. உலகெங்கும் கணித வல்லுநர்கள் அதை உடைக்கப் பார்த்துத் தோற்றதால்தான் அதன்மேல் நம்பிக்கை. எங்கள் முறை யாருக்கும் தெரியாது, அதனால் பாதுகாப்பு என்று ஒரு நிறுவனம் சொன்னால் விலகி நிற்பதே நல்லது.

சாவியின் நீளம் உயிர்நாடி. அதை பிட் கணக்கில் சொல்வார்கள்; ஒரு பிட் என்பது 0 அல்லது 1. 56 பிட் சாவி கொண்ட பழைய டி.இ.எஸ். முறையை 1998-இல் ஓர் அமெரிக்க அமைப்பு, அதற்கென்றே கட்டிய இயந்திரத்தால் 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. அந்த இயந்திரம் சாத்தியமான சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. சாவியில் ஒரு பிட் கூடினால் வேலை இரட்டிப்பாகும். 128 பிட் சாவியை, வினாடிக்கு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் இயந்திரம் தேடினால், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டுவது 256 பிட் சாவி.

ஆனால் ஒரு சிக்கல் நூற்றாண்டுகளாகத் தீராமல் இருந்தது. இருவரிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும் என்றால், அந்தச் சாவியை எப்படி அனுப்புவது? ஒட்டுக்கேட்பவன் நடுவில் உட்கார்ந்திருக்கிறானே! தூதரகங்கள் சாவிப் புத்தகத்தை ஆள் மூலம் பெட்டியில் அனுப்பின. முன்பின் தெரியாத கடையில் இணையம் வழியாகப் பொருள் வாங்குபவர் அப்படிச் செய்ய முடியாது.

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இதற்கு ஒரு விடை வெளியிட்டார்கள். முதல்முறை கேட்கும் எவருக்கும் நம்ப முடியாத விடை. கோவில்பட்டியில் இருக்கும் அக்காவும் மஸ்கட்டில் இருக்கும் தம்பியும் ஒரு ரகசிய எண்ணில் ஒத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 2, 13 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். அக்கா மனதுக்குள் 4 என்று நினைக்கிறார். நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் 16. அதை 13-ஆல் வகுத்தால் மீதி 3. அந்த 3-ஐ மட்டும் தம்பிக்கு அனுப்புகிறார். தம்பி நினைத்தது 5. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32, மீதி 6. அவர் 6-ஐ அனுப்புகிறார். இனி அக்கா நான்கு ஆறுகளைப் பெருக்குகிறார்: 1,296. அதை 13-ஆல் வகுத்தால் மீதி 9. தம்பி ஐந்து மூன்றுகளைப் பெருக்குகிறார்: 243. மீதி அதே 9!

நடுவில் கேட்டவனுக்கு 2, 13, 3, 6 எல்லாம் தெரியும். 9 மட்டும் அவன் காதில் விழவே இல்லை. இவ்வளவு சிறிய எண்களில் அவனும் சற்று நேரம் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவான். 13 இருந்த இடத்தில் 600 இலக்க எண் இருந்து, மனதில் நினைக்கும் எண்ணும் மிகப் பெரியதாக இருந்தால், பெருக்கி மீதி காண்பது கணினிக்குக் கண்ணிமைக்கும் வேலை. மீதியிலிருந்து பின்னோக்கிப் போய் மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய எந்தக் கணினியாலும் ஆகாது. இந்த யோசனையின் வேறொரு வடிவம்தான் வாட்ஸ்அப், சிக்னல் செயலிகளின் உரையாடல்களுக்கு இன்று சாவி உண்டாக்குகிறது. சாவிகள் இரு கைப்பேசிகளிலும்தான் இருக்கும். நடுவிலுள்ள சர்வரில் இருக்காது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் இதைத் தன் பயனாளர்கள் எல்லோருக்கும் கொண்டுவந்தது. அரசர்களும் தளபதிகளும் ஏங்கிய பாதுகாப்பு, கீரைக்கட்டு விலை கேட்கும் செய்திக்கும் கிடைத்துவிட்டது.

காவல்துறைக்கு இதில் வருத்தம் உண்டு, அது நியாயமான வருத்தமும்கூட. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் இந்தியாவின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க வழியில்லையா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. 2019-இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி, செய்தியோடு முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்றார். அது பலன் தராது என்று மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். 2021-இல் மத்திய அரசின் விதிகள், உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டுவதைக் கட்டாயமாக்கின. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக நேரும் என்று 2024 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் சொன்னது.

நல்லவர்களுக்கு மட்டும் ஒரு வாசல் வைப்பது சாத்தியமா என்பதற்கு கிரீஸில் ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. அங்கே ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென ஒரு வசதி மென்பொருளிலேயே இருந்தது. 2004-05-இல் வெளியாள்கள் அதற்குள் புகுந்து பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டார்கள். வாசல் இருந்தால் யார் நுழைகிறார் என்று கணிதம் பார்ப்பதில்லை.

மறையாக்கம் காப்பது வழியை மட்டும். யார் யாரோடு, எப்போது பேசினார் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியும். கைப்பேசியில் வேவு மென்பொருள் ஏறிவிட்டால், பூட்டுவதற்கு முன்பே செய்தி களவு போகும். ஓடிபி எண்ணைக் கேட்டவுடன் சொல்லிவிட்டால் 256 பிட்டும் வீண்.

பலர் கவனிக்காத இடம் பேக்கப். கைப்பேசியில் பூட்டியிருக்கும் உரையாடல்கள் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது அந்தப் பூட்டு தானாகக் கூடப் போவதில்லை. 2021 அக்டோபரில் வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் மறையாக்க வசதி கொடுத்தது. அமைப்புகளில் 'சாட்ஸ்' பகுதிக்குப் போய்ப் பயனாளரே அதை இயக்க வேண்டும். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாவி தொலைந்து, கைப்பேசியும் போய்விட்டால், பேக்கப்பை வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது.