குட்டிக்கு முதலில் வேண்டியது பாலல்ல

ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பரில் திறந்ததிலிருந்து, அதன் வாயில் மணல் மூடுவதையும் வடக்கே கரை அரிபடுவதையும் பற்றிப் பேசாத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. கப்பல் வந்ததோ இல்லையோ, பூனை வந்துவிட்டது. மீன் இறங்கும் எந்தக் கரையிலும் அப்படித்தான். போதாததற்கு, வீட்டில் போட்ட குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து, “மீன் கிடக்கிற இடம், எப்படியும் பிழைச்சிரும்” என்று விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நாலு வாரம் ஆகாத குட்டிக்கு மீனைக் கடித்துத் தின்னப் பல்லே சரியாக முளைத்திருக்காது. அது பிழைக்காது.

பிழைத்து வளரும் குட்டிக்கும் மீன்பிடிக் கரையிலேயே சில ஆபத்துகள் காத்திருக்கின்றன. பேத்தை மீனைக் கரையில் வீசிவிட்டுப் போனால், அதைத் தின்ற பூனை சாகலாம். அதைவிடச் சிக்கலானது, இரை குத்திய தூண்டிலைக் குட்டி விழுங்கிவிடுவது. வாயோரத்தில் தங்கூசி தொங்கும். பார்த்தவுடன் கை தானாகவே அதை இழுக்கப் போகும். இழுக்கவே கூடாது. தூண்டிலின் எதிர்முள் தொண்டையிலோ இரைப்பையிலோ மாட்டியிருந்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நூல் குடலுக்குள் போயிருந்தால் இன்னும் மோசம். பாவாடைச் சுருக்குக் கயிற்றை இழுத்தாற்போல் குடல் மடிந்து சுருங்கும், இறுகிய நூல் குடற்சுவரை அறுக்கும். நூலை உதட்டோடு ஒட்ட வெட்டிவிடவும் வேண்டாம். உள்ளே எங்கே போயிருக்கிறது என்று வைத்தியர் கண்டுபிடிக்க அந்த வெளி நுனி உதவும். ஒரு சாண் அளவு விட்டு, குட்டி அதை மேலும் விழுங்காமலும் காலால் இழுக்காமலும் பார்த்துக்கொண்டு, தின்ன எதுவும் கொடுக்காமல் கொண்டுபோங்கள். காலில் நூல் சுற்றியிருந்தால், மேலாகத் தெரியும் சுற்றைச் சின்னக் கத்தரியால் வெட்டலாம். வீங்கிய சதைக்குள் புதைந்துவிட்டதென்றால் அதுவும் வைத்தியர் வேலை.

காயம் எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது குட்டியின் குளிரைப் போக்குவது. பூனையின் இயல்பான உடற்சூடு ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ், அதாவது நம்முடையதைவிடக் கூட. அடிபட்ட குட்டி, அதுவும் நனைந்த குட்டி, அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் இழந்துவிடும். சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் பால் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த வயிறு செரிக்காது, விழுங்கும் வலுவும் இருக்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். காற்றுத் துளை போட்ட ரெஜிபோம் பெட்டியோ மட்டைப் பெட்டியோ போதும். பிளாஸ்டிக் போத்தலில் சுடுநீர் நிரப்பித் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் ஒதுங்க இடம் வேண்டும்.

சூடேறிய பிறகும் பசும்பாலோ நாம் தேநீருக்குக் கரைக்கும் பால்மாவோ வேண்டாம். வயிற்றோட்டம் தொடங்கினால், இத்தனை சிறிய உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் எடுக்காது. பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மா இருக்கிறது. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ஊசி கழற்றிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். நம் பிள்ளையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் புரைக்கேறும். தாயிடம் குடிப்பது போல வயிறு கீழே இருக்கட்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். வலிக்குப் பனடோல் கொடுப்பது இரக்கத்தில் செய்யும் கொலை. அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற மனித ஈரலுக்கு உள்ள வழி பூனைக்கு மிகக் குறைவு. வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடலாம். டெட்டோலும் வேண்டாம், பூனை புண்ணை நக்கும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம். அதையும் விட்டுவிடுங்கள். கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தட்டைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவினால் போதும்.

இனி உங்கள் கை. வலியில் இருக்கும் குட்டி நல்லது கெட்டது பாராமல் கடிக்கும். தடித்த துவாயால் போர்த்தித் தூக்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அரச வைத்தியசாலைகளில் இலவசம். “குட்டிதானே” என்று இருந்துவிடாதீர்கள். அறிகுறி தொடங்கிய பின் இந்த நோய்க்கு மருந்தில்லை.

குட்டியைக் காட்டப் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. அவர்களுடைய நாள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழியோடு போகிறது. ஆகவே முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. எக்ஸ்ரேயோ அறுவையோ தேவைப்பட்டால் எங்கே போவதென்று அங்குள்ள வைத்தியரே சொல்வார்.

பிறகு எல்லாரும் கேட்கும் கேள்வி: “காப்பகத்தில் விட்டுவிடலாமா?” கெய்ரோவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1277இல் இறந்த சுல்தான் பைபர்ஸ், தன் பள்ளிவாசலுக்கருகே ஒரு தோட்டத்தைப் போக்கற்ற பூனைகளுக்காக எழுதிவைத்தார். 1836இல் வெளிவந்த நூலொன்றில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் அதன் பின்கதையைச் சொல்கிறார். தோட்டம் கைமாறிக் கைமாறி வருமானம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. ஆனாலும் கடமை விடவில்லை. நாள்தோறும் அஸர் நேரத்தில் நீதிமன்ற முற்றத்தில் கூடை கூடையாக இறைச்சி வரும், செலவில் பெரும்பகுதி காழியின் தலையில். ஊரார் என்ன செய்தார்கள்? வேண்டாத பூனையையெல்லாம் கொண்டுவந்து அதே முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்றைய காப்பகங்களின் கதையும் இதுதான். பூனை வருகிறது, பணம் வருவதில்லை. பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மதரஸாப் பிள்ளையும் அறியும். கொள்ளளவுக்கு மேல் குட்டிகளைத் திணித்துவிட்டு ஒரு ரூபாயும் கொடுக்காமல் திரும்புகிறவர், ஒரு நல்ல இடத்தை அந்த நிலைக்குத்தான் தள்ளுகிறார் என்பது என் கருத்து.

ஸக்காத் எட்டு வகை மனிதர்களுக்கு உரியது, அதைத் தொட வேண்டாம். ஸதகாவுக்கு அந்த வரையறை இல்லை. காப்பகத்துக்கோ உள்ளூர் வைத்தியருக்கோ கொடுக்கும்போது, கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கென்று சொல்லிக் கொடுங்கள். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது வாரத்தில் ஈனும், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று வரும். மார்க்கத்தில் ஆகுமா என்ற தயக்கம் இருந்தால் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். பூனைக்கு ஊறில்லாத முறையில் செய்தால் ஆகும் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு.

தெருவில் நாலு வீட்டார் சேர்ந்தால் ஒரு தாய்ப்பூனையின் சத்திரசிகிச்சைச் செலவைத் தாங்கலாம். அடுத்த ஈற்றுக்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.