குட்டை விரலும் குருதியமுக்கமும்: ஒரு துருக்கிக் குடும்பம் தந்த விடை

கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ நம்மவர் வீடொன்றில் பிரஷரைப் பற்றிப் பேச்செடுத்தால், "வாப்பாட பக்கத்துல எல்லாருக்கும் ஈக்கி" என்று ஒருவராவது சொல்வார். சொன்னதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். மூத்தாப்பா எத்தனை வயதில் மௌத்தானார், பாரிசவாதமா மாரடைப்பா, அவருடைய பிள்ளைகளில் யாருக்குப் பிரஷர் வந்தது, யாருக்கு வரவில்லை என்று தொடர்ந்து கேட்டால் பதில் கிடைப்பது அரிது. நஸபைப் பெருமையோடு சொல்லத் தெரிந்த குடும்பங்களிலும் நோயின் நஸப் யாரிடமும் இருப்பதில்லை.

அந்தத் தகவலுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதைத் துருக்கியின் கருங்கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு காட்டுகிறது. மருத்துவ உலகம் 42 வருடங்கள் அந்தக் குடும்பத்தின் பின்னால் நடந்து, குருதியமுக்கம் ஏறுவதற்கு அதுவரை அறியப்படாதிருந்த ஒரு வழியைக் கண்டுபிடித்தது.

கையைப் பார்த்துச் சொல்லக்கூடிய பிரஷர்

1973 ஆம் ஆண்டு அங்காராவிலுள்ள ஹஜத்தேப்பே பல்கலைக்கழகத்தின் வைத்தியர் நிஹாத் பில்கிந்துரானும் அவருடைய சகாக்களும் மருத்துவப் பிறப்புரிமையியல் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதித்த குடும்பத்தில் சிலருடைய கைவிரல்கள் குட்டையாக இருந்தன. உள்ளங்கை எலும்புகளும் குறுகியிருந்தன. அதே ஆட்களுக்குக் கடுமையான குருதியமுக்கமும் இருந்தது. விரல்கள் இயல்பாக இருந்த சகோதர சகோதரிகளுக்குப் பிரஷரும் இயல்பாகவே இருந்தது. இரண்டும் கைகோத்தே பரம்பரையில் இறங்கின.

பிற்காலத்தில் எடுத்த அளவுகள் இதைத் தெளிவாக்கின. நோயுள்ளவர்கள் நோயற்ற உறவினரைவிடச் சராசரியாக 10 சென்ரிமீற்றர் அளவுக்கு உயரம் குறைந்தவர்கள். பிரஷரோ சிறு வயதிலேயே ஏறத் தொடங்கி, வயதோடு கூடிக்கொண்டே போகிறது. 50 வயதளவில் நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வித்தியாசம் பிரஷர் கருவி காட்டும் எண்ணில் 50 அளவுக்கு வந்துவிடுகிறது. மருந்தெடுக்காதவர்களில் பெரும்பாலானோர் 50 வயதுக்கு முன்பே பாரிசவாதத்தால் இறந்து போனார்கள். இந்நோயை இன்று பில்கிந்துரான் நோய்க்கூட்டு என்றும் அழைக்கிறார்கள்.

இது ஏன் எல்லோருக்கும் முக்கியம்?

நம்மில் அநேகருக்கு வருகின்ற பிரஷருக்கு ஒரேயொரு காரணம் கிடையாது. நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட, உப்பு, உடற்பருமன், வயது, மனவழுத்தம் எல்லாம் சேர்ந்து மீதியைச் செய்கின்றன. ஒரு தனிப் பரம்பரையலகு பிழைத்துப் போவதால் மட்டும் வருகின்ற குருதியமுக்கம் மிக அரிது. ஆனால் அரிதான நோய்தான் பாதையைத் தெளிவாகக் காட்டும். ஆயிரம் கயிறுகள் சிக்கிக் கிடக்கும் இடத்தில் ஒரு கயிறு மட்டும் தனியாகத் தெரிந்தால், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.

1990களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் இவ்வாறான சில அரிய நோய்களின் காரணங்களைக் கண்டுபிடித்தார்கள். அவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன. சிறுநீரகம் உப்பை அளவுக்கு மிஞ்சித் தேக்கி வைக்கிறது, அதனால் பிரஷர் ஏறுகிறது. ஆகவே பரம்பரைக் குருதியமுக்கம் என்றாலே சிறுநீரகமும் உப்பும் என்ற எண்ணம் வலுப்பட்டது.

துருக்கிக் குடும்பம் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அவர்களுடைய பிரஷர் உப்பைப் பொறுத்து ஏறி இறங்கவில்லை. உப்பையும் நீரையும் ஆளும் ஓமோன்களும் வழமைபோலவே இயங்கின. விரலை மறைத்துவிட்டுப் பார்த்தால் அது வெள்ளவத்தையில் எந்தவொரு மாமாவுக்கும் இருக்கக்கூடிய சாதாரண பிரஷர் போலவே இருந்தது. ஆராய்ச்சியாளர்களை இழுத்ததும் அதுதான்.

நீண்ட தேடல்

பெர்லினில் மக்ஸ் டெல்ப்ரூக் நிலையத்தைச் சேர்ந்த பிரெட்ரிக் லுஃப்ட், சில்வியா பேரிங் ஆகியோரின் குழு 1990களில் இந்தக் குடும்பத்தை ஆராயத் தொடங்கியது. நோயுள்ள ஒவ்வொருவரிடமும் இருந்து, நோயில்லாத எவரிடமும் இல்லாத பரம்பரைத் துண்டு எது என்று தேடுவதுதான் முறை. இதற்கு நோயாளியின் இரத்தம் மட்டும் போதாது. சுகமாக இருக்கும் நானா, தாத்தா, மச்சான், மாமி எல்லோரும் கை நீட்ட வேண்டும். குடும்பம் அதைச் செய்தது. 1996 இல் பிழை 12 ஆம் நிறமூர்த்தத்தின் குறுகிய புயத்தில் இருப்பதாக அறிவித்தார்கள்.

ஊர் தெரிந்துவிட்டது, வீடு தெரியவில்லை. 2004 இல் அந்தப் புயத்தின் ஒரு பகுதி இடம் மாறி அமைந்திருப்பதுதான் காரணம் என்று அதே குழு எழுதியது. அந்த விளக்கமும் முழுமையாக இருக்கவில்லை. பரம்பரைத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகே கதவு திறந்தது. 2015 இல், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆறு குடும்பங்களில் ஒரே பரம்பரையலகில் ஆறு வெவ்வேறு மாற்றங்கள் இருப்பதை 'நேச்சர் ஜெனட்டிக்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அந்தப் பரம்பரையலகின் பெயர் பிடிஈ3ஏ.

ஒரு நொதியம், இரண்டு விளைவுகள்

பிடிஈ3ஏ என்பது 1141 அமினோ அமிலங்களைக் கோத்து அமைந்த ஒரு நொதியம். ஆறு குடும்பங்களின் மாற்றங்களும் 445 முதல் 449 வரையுள்ள மிகச் சிறிய இடத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. அந்த இடம் நொதியத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி.

கலங்களுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்றொரு செய்தி காவும் மூலக்கூறு உண்டு. இரத்தக்குழாய்ச் சுவரின் மழமழப்பான தசையில் இது கூடினால் தசை தளரும், குழாய் விரியும், பிரஷர் இறங்கும். சைக்ளிக் ஏஎம்பியை உடைத்து அகற்றுவது பிடிஈ3ஏயின் வேலை. பொதுவாக ஒரு பரம்பரையலகு மாறினால் அதன் வேலை குறையும் அல்லது நின்றுவிடும். இங்கே மாற்றமடைந்த நொதியம் முன்னைவிட வேகமாக வேலை செய்கிறது. 'தளர்' என்ற செய்தி போய்ச் சேருமுன்பே அழிக்கப்படுகிறது. குழாய் இறுகியே இருக்கிறது. சுவரின் தசைக்கலங்களும் அளவுக்கு மிஞ்சிப் பெருகிச் சுவர் தடிக்கிறது.

விரலுக்கு என்ன நடந்தது? பிள்ளைப் பருவத்தில் எலும்பு நீள்வது அதன் முனைகளிலுள்ள கசியிழையத்தால். அந்தக் கசியிழையம் அவசரப்பட்டு எலும்பாகிவிடாமல் தடுத்து, வளர்வதற்கு நேரம் கொடுக்கும் ஒரு புரதம் உண்டு. அதைச் சுரக்கச் சொல்லும் செய்தியிலும் சைக்ளிக் ஏஎம்பிக்குப் பங்குண்டு. செய்தி மெலிந்தால் அந்தப் புரதமும் குறையும்; வளர்ச்சி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும்; விரல் குட்டையாகும். இரத்தக்குழாயும் விரலெலும்பும் தூரத்து உறவுகூட இல்லாதவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே செய்தியை வாசிப்பவை.

இதை உறுதிப்படுத்த, எலிகளின் அதே பரம்பரையலகில் கிறிஸ்பர் என்ற வெட்டித் திருத்தும் முறையால் மாற்றம் செய்தார்கள். அந்த எலிகளுக்கும் பிரஷர் ஏறியது, விரலும் குறுகியது. 2020 இல் இது வெளியானது. இரத்தக்குழாயைத் தளர்த்தும் இன்னொரு பாதையைத் தூண்டும் மருந்தால் அவற்றின் பிரஷரை இறக்கவும் முடிந்தது. 2022 இல் என்னோ குளுஸ்மன், பேரிங் ஆகியோரின் குழு இன்னுமொரு வியப்பான செய்தியைச் சொன்னது. இவ்வளவு பிரஷரைச் சுமந்தும் இவர்களுடைய இதயம் எதிர்பார்த்த அளவுக்குச் சேதமடையவில்லை. மூளையின் இரத்தக்குழாயை வருத்தும் அதே மாற்றம் இதயத்தசையை ஓரளவு காக்கிறது. இதைப் பின்பற்றி இதயநோய்க்குப் புதிய சிகிச்சை தேட வழியுண்டா என்பது இப்போதைய கேள்வி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

முதலில் ஒரு எச்சரிக்கை. விரல் குட்டையான எல்லோருக்கும் இந்த நோய் என்று எண்ணிவிடக் கூடாது. குட்டை விரலுக்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. இந்த நோய் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களிலேயே இதுவரை காணப்பட்டுள்ளது. ஆனால் இளவயதிலேயே பிரஷர் ஏறுகிறது, அதே வீட்டில் பலருக்கு விரல்கள் குட்டை, உறவில் இளவயதுப் பாரிசவாத மரணங்களும் உண்டு என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, "சொந்தத்துக்குள்ள முடிச்சதாலதான் இதெல்லாம்" என்று எல்லாப் பரம்பரை நோய்களையும் ஒரே கூடையில் போடும் பழக்கம். இந்த நோய்க்கு அது பொருந்தாது. இது ஆட்சியான நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பெண் எடுத்தது மாமி மகளையா பிற ஊரிலா என்பதால் அது மாறாது. தலசீமியா போன்ற பின்னிடைவான நோய்கள் வேறு. அங்கே தாய், தகப்பன் இருவருமே காவிகளாக இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஆகவே நெருங்கிய உறவுத் திருமணம் அங்கே ஆபத்தைக் கூட்டுகிறது. குருநாகல் தலசீமியா நிலையத்துக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றப் போகும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எந்த நோய் எந்த வகை என்று அறியாமல் பயப்படுவதும் பழி சொல்வதும் யாருக்கும் உதவாது.

மூன்றாவது, மறைப்பு. சம்பந்தம் பேசும் காலத்தில் "பிரஷர் கிஷர் ஒண்டும் இல்ல" என்று மூடிவிடுகிறோம். மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதோ என்ற அச்சம் நியாயமானதே. அதை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் பெரியவர்களின் மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். துருக்கிக் குடும்பத்தில் முந்திய தலைமுறை 50ஐக் காணாமல் போனது. நோய் இன்னதென்று அறிந்து, சிறு வயதிலிருந்தே பிரஷரை அளந்து, பல மருந்துகளைச் சேர்த்து எடுத்தால் அந்தப் பாரிசவாதத்தைத் தடுக்க வழியுண்டு. பரம்பரையலகை மாற்ற முடியாவிட்டாலும் பிரஷரை இறக்கலாம். கத்ரை நம்புவதும் வைத்தியம் செய்வதும் நமது மார்க்கத்தில் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. நோய்க்கு மருந்து செய்யும்படி பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே.

ஆலோசனை பெறுவதற்குத் தூரம் போகத் தேவையில்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு 1983 முதல் இயங்கி வருகிறது. அங்கே போவதற்கு முன்னர் வீட்டில் செய்யக்கூடிய வேலையொன்றும் இருக்கிறது. அடுத்த பெருநாளைக்குக் குடும்பம் ஒன்றுசேரும்போது ஒரு கொப்பியை எடுத்து, மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிரஷர் இருந்ததா, எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், மௌத்தானவர் என்றால் எந்த வயதில், எதனால் என்று குறியுங்கள். சுகமாக வாழ்ந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். துருக்கிக் குடும்பத்தின் புதிர் அவிழ அவர்களுடைய இரத்தமும் தேவைப்பட்டது. விவரம் அறிந்த உம்மம்மாமார் உயிரோடு இருக்கும்போதே அதை எழுதி முடிப்பது நல்லது.